இன்று லெவாந்தே, கப்பல் கிடையாது

திங்கள், தரீஃபா

துறைமுகத்தில் பயணச்சீட்டு விற்கும் அறை மூடியிருக்கிறது. கண்ணாடியில் கையால் எழுதி ஒட்டிய தாள்: லெவாந்தே, இன்று கப்பல் கிடையாது. அதற்கு மேல் விளக்கம் ஒன்றும் இல்லை. பெட்டியோடு வந்து நின்ற மொராக்கோக் குடும்பம் ஒன்று அதைப் படித்துவிட்டு, முணுமுணுக்காமல் பேருந்து நிற்கும் பக்கம் நடந்தது. காற்று கடுமையாக இருக்கும் நாட்களில் எதிர்க்கரையிலுள்ள மொராக்கோவின் தாஞ்சியருக்குப் போகும் பயணிகளை அல்ஹெசிராஸ் துறைமுகத்துக்குப் பேருந்தில் கொண்டுபோய் அங்கிருந்து அனுப்புவார்கள். இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு.

எனக்கு தாஞ்சியர் போகும் அவசரம் இல்லை. நான் வந்ததே அந்தத் தாளில் இருந்த முதல் சொல்லுக்காக. ஸ்பானிஷ் வகுப்பில் வானிலைப் பாடம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. காற்றடித்தால் 'ஆசே வியெந்தோ', மழை பெய்தால் 'யுயேவே', அவ்வளவுதான். அப்புறம் ஸ்பெயின் நாளிதழ்களைப் படிக்க ஆரம்பித்தபோது 'வியெந்தோ' என்ற பொதுச்சொல்லைப் பார்ப்பதே அபூர்வமாக இருந்தது. தெற்கே லெவாந்தே, எப்ரோ ஆற்றின் பள்ளத்தாக்கில் சியெர்சோ, வடக்குக் கடற்கரையில் கலெர்னா. ஒவ்வொரு காற்றுக்கும் ஓர் ஊர், ஒரு குணம், ஊரார் மனதில் அதன் மேல் ஒரு வழக்கு. சரி, பாடப்புத்தகத்தை வைத்துவிட்டு ஊர் ஊராகப் போய்க் கேட்டுக்கொள்வோம் என்று கிளம்பியாயிற்று.

தரீஃபா ஐரோப்பிய நிலப்பரப்பின் தென்கோடி ஊர். எதிரே ஆப்பிரிக்கா, நீரிணையின் மிகக் குறுகிய இடத்தில் அகலம் 14 கிலோமீட்டர்தான். வடக்கே ஸ்பெயினின் மலைகள், தெற்கே மொராக்கோவின் ரிஃப் மலைகள். மத்தியதரைக் கடலிலிருந்து மேற்கே வரும் காற்று இந்த இரண்டு மலைகளுக்கும் நடுவே புகுந்தாக வேண்டும். இடம் சுருங்கச் சுருங்க வேகம் கூடுகிறது. கடுமையான நாட்களில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். கிழக்கிலிருந்து வருவதால் அதற்கு லெவாந்தே என்று பெயர், சூரியன் எழும் திசை. நம் கொண்டல் காற்றின் திசைதான். ஆனால் கொண்டல் என்றால் மனதில் மழைமேகம் வருகிறதே, அது இங்கே பொருந்தாது. இது மேகத்தையெல்லாம் ஜிப்ரால்டர் பாறையின் தலையில் கொடி மாதிரி மாட்டிவிட்டு, இந்தப் பக்கம் வரும்போது வறண்டு, சூடாக, மணலோடு வருகிறது.

விடுதிக்கார அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சாவியைக் கையில் கொடுக்கும்போதே சொன்னார்.

"கடல் பக்கத்து ஜன்னலைத் திறக்காதே, மகனே. திறந்தால் மூட முடியாது."

"எத்தனை நாள் அடிக்கும், அம்மா?"

"அதுவாகப் போகும்போது போகும். போன வாரம் முழுக்க பொனியெந்தே. நன்றாகத் தூங்கினோம்."

பொனியெந்தே மேற்குக் காற்று. அட்லாண்டிக்கிலிருந்து குளிர்ந்து வருவது. இந்த ஊரில் காலை வணக்கத்துக்கு அடுத்த கேள்வி 'இன்று லெவாந்தேயா, பொனியெந்தேயா?' என்பதுதான். லெவாந்தே நாள்கணக்கில் நீடித்தால் மனிதருக்குக் கிறுக்குப் பிடிக்கும் என்று ஊரே நம்புகிறது. கடைக்காரர், பேருந்து ஓட்டுநர், விடுதிக்கார அம்மா, மூவரும் தனித்தனியே இதைச் சொன்னார்கள். மூவரும் தங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்கள்.

செவ்வாய், தரீஃபா

லெவாந்தே தொடர்கிறது. இரவெல்லாம் எதிர்வீட்டு மாடியில் ஏதோ தகரம் அடித்துக்கொண்டே இருந்தது.

வால்தெவாக்கேரோஸ் கடற்கரைக்குப் போனேன். லெவாந்தே மணலை அள்ளிக்கொண்டு போய்க் கடற்கரையின் மேற்குக் கோடியில் கொட்டிக் கொட்டி ஒரு குன்றே உண்டாகியிருக்கிறது. குன்று சும்மா நிற்பதில்லை; புந்தா பலோமா பக்கம் போகும் சாலையின் மேல் ஏறி நகர்கிறது. இயந்திரம் வந்து அள்ளும், காற்று மறுபடி கொட்டும். மனிதர்கள் ஏன் இன்னும் இந்தச் சாலையை வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை, அந்த ஓரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்குப் புரியும்.

கடலில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் பறக்கும் இளைஞர் கூட்டம். உலகத்தின் பல மூலைகளிலிருந்து இந்தக் காற்றுக்காகவே வருகிறார்கள். ஊரின் ஒரு பாதி சபிக்கும் காற்றை வைத்து இன்னொரு பாதி பிழைக்கிறது. மலைமுகடு முழுக்கக் காற்றாலைகள் வேறு.

பட்டம் வாடகைக்குக் கொடுக்கும் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததில் வினைச்சொற்கள் நிறையக் கிடைத்தன. லெவாந்தே 'வருவது' இல்லை, சால்த்தா, அதாவது குதிக்கிறது. நேற்று இரவு குதித்தது, நாளை குதிக்கும் என்கிறார்கள். வலுத்தால் அர்ரேசியார். தணிந்தால் அமைனார். திசை மாறினால் ரோலார். 'பொனியெந்தேவுக்கு ரோலா ஆகிறது' என்றால் கிழக்கு மேற்காகப் புரளப்போகிறது என்று பொருள். ஒரு பலத்த லெவாந்தே நாட்கணக்கில் பிடித்துக்கொண்டால் லெவாந்தேரா. காற்று இல்லாமல் புழுக்கம் மட்டும் இருந்தால் 'லெவாந்தே என் கால்மா', அமைதி லெவாந்தே. அடிக்கும் லெவாந்தேயைவிட அது மோசம் என்பது கடைக்காரப் பையனின் தீர்ப்பு. காற்று இல்லாவிட்டால் பட்டம் வாடகைக்குப் போகாதே.

அவனே இன்னொன்றும் சொன்னான், இந்தப் பயணத்துக்கு மிகவும் உதவப்போவது அதுதான் என்று நினைக்கிறேன். அவன் அம்மா வாலென்சியாக்காரி. அங்கே மேற்குக் காற்று என்றால் எல்லோரும் ஓடி ஒளிவார்களாம். யோசித்தால் சரிதான். தரீஃபாவுக்கு மேற்கே அட்லாண்டிக், அதனால் பொனியெந்தே குளிர்ச்சி. வாலென்சியாவுக்கு மேற்கே ஸ்பெயினின் உள்நாட்டுப் பீடபூமி முழுவதும் கிடக்கிறது. அதைத் தாண்டி இறங்கும் பொனியெந்தே கோடையில் அனல். கிழக்குக் காற்றோ அங்கே கடலின் ஈரத்தோடு மழையைக் கொண்டுவரும். மாலகாவில் இன்னொரு கணக்கு: அவர்களைப் பொசுக்குவது நிலத்திலிருந்து கடல் பக்கம் இறங்கும் தெர்ரால். ஆக அகராதியைப் பார்த்துவிட்டு 'பொனியெந்தே இதமானது' என்று வாலென்சியாவில் போய்ச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். காற்றின் பெயரை ஊர்ப்பெயரோடு சேர்த்துத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்.

புதன், காதிஸ்

காதிஸ் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த பழைய ஊர். லெவாந்தே இங்கேயும் உண்டு, ஆனால் ஊர்க்காரர்கள் லா கலேத்தா கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். அது மேற்கே பார்த்தது. நகரமே சுவராக நின்று காற்றைத் தடுக்கிறது. மற்றக் கடற்கரைகளில் மணல் முகத்தில் அறையும்போது இங்கே பாட்டிமார்கள் மடக்கு மேசை போட்டுச் சீட்டாடுகிறார்கள்.

மொட்டைமாடிகளின் மேல் நூற்றுக்கும் மேற்பட்ட காவல் கோபுரங்கள். அமெரிக்காவிலிருந்து திரும்பும் கப்பல் அடிவானத்தில் தெரிகிறதா என்று வணிகர்கள் பார்த்திருந்தவை. இங்கிருந்துதான் கொலம்பஸ் 1502இல் தன் நான்காவது பயணத்துக்குப் புறப்பட்டார். அந்தப் பயணத்தின் கதை காற்றுக் கதை. கரீபியன் கடலில் சாந்தோ தொமிங்கோவை நெருங்கும்போது புயல் வருவதற்கான அடையாளங்களைப் பார்த்துவிட்டு, துறைமுகத்துக்குள் இடம் கேட்டார். ஆளுநர் நிக்கோலாஸ் தே ஒவாந்தோ மறுத்தார். ஸ்பெயினுக்குக் கிளம்பவிருந்த பெரிய கப்பல் கூட்டத்தை நிறுத்தி வையுங்கள் என்று சொல்லி அனுப்பியதையும் யாரும் மதிக்கவில்லை. கூட்டம் கிளம்பியது. பெரும்பாலான கப்பல்கள் மூழ்கின. கொலம்பஸை முன்பு விலங்கு பூட்டி ஸ்பெயினுக்கு அனுப்பிய பொபாதியாவும் அதில் போனார். ஒதுங்கி நின்ற கொலம்பஸின் நான்கு கப்பல்களும் தப்பின.

அந்தப் புயலுக்கு ஸ்பானியரிடம் சொல் இல்லை. ஐரோப்பாவில் அப்படியொன்று அடிப்பதில்லை. தீவுகளின் தாயினோ மக்களிடம் கேட்டு வாங்கிய சொல்தான் உராக்கான். அந்த மக்கள் சில பத்தாண்டுகளில் அநேகமாக அழிக்கப்பட்டார்கள், சொல் உலகத்தின் பாதி மொழிகளில் இருக்கிறது. டொர்னாடோ என்று நாம் சொல்வதும் ஸ்பானிஷின் த்ரோனாதாவிலிருந்து, இடிமழையிலிருந்து, மாலுமிகள் வாயில் திரிந்து போனது என்கிறார்கள். பெரு நாட்டு மீனவர்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் வரும் சூடான நீரோட்டத்துக்கு எல் நினோ, குழந்தை இயேசு, என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழந்தை கண் விழித்தால் சென்னையில் வடகிழக்குப் பருவமழை கூடுதலாகப் பெய்ய வாய்ப்பு என்று நம் வானிலைக்காரர்கள் ஒவ்வோர் ஐப்பசியிலும் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள்.

மாலை கடற்கரை மதிலில் நடக்கும்போது இன்னொரு சொல். காற்றே இல்லை, ஆனால் கடலில் நீண்ட கனத்த அலைகள். பக்கத்தில் தூண்டில் போட்டிருந்தவர் 'மார் தே ஃபோந்தோ' என்றார். எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலை இங்கே வந்து சேர்வது, அடியிலிருந்து எழும் கடல். அரசியல் செய்தியில் இதே சொல்லைப் பார்த்துக் குழம்பியிருக்கிறேன்: 'கட்சிக்குள் மார் தே ஃபோந்தோ' என்றால் மேலே அமைதி, அடியில் ஏதோ புகைகிறது.

1805 அக்டோபர் 21, பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பற்படைகளோடு ஆங்கிலேயர் மோதிய நாள். அன்று காலையிலும் இங்கிருந்து தெற்கே த்ரஃபால்கர் முனைக்கு அப்பால் அதேதான் இருந்தது: மெல்லிய மேற்குக் காற்று, அதற்குப் பொருந்தாத பெரிய அலை. போர் முடிந்த இரவே புயல் பிடித்துக்கொண்டது. ஆங்கிலேயர் கைப்பற்றிய கப்பல்களில் பலவற்றை அவர்களால் வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. ஸ்பெயினின் பெருமையான நான்கு தளப் போர்க்கப்பல் சாந்தீசிமா த்ரினிதாத் இழுத்துக்கொண்டு போகும் வழியிலேயே மூழ்கியது. பீரங்கிக்குத் தப்பிய காயம்பட்டவர்கள் பலர் தண்ணீரில் போனார்கள். பள்ளிக்கூடத்தில் போரைச் சொல்லிக் கொடுத்தார்கள், புயலை யாரும் சொல்லவில்லை.

வியாழன், ரயிலில்

காதிஸிலிருந்து மாத்ரித், அங்கே வண்டி மாறி சரகோசா. ஜன்னலுக்கு வெளியே சூரியகாந்தித் தட்டை, ஆலிவ், மறுபடி ஆலிவ்.

மாத்ரித்துக்குப் பிறகு பக்கத்து இருக்கையில் வாலென்சியாக்கார ஆசிரியை ஒருவர். சொற்களைச் சேகரிக்கிறேன் என்றதும் உற்சாகமாகப் பாடம் எடுத்தார். தொர்மெந்தா என்றால் இடி மின்னலோடு வந்து ஒரு மணி நேரத்தில் போகும் மழை. தெம்போரால் நாட்கணக்கில் நீடிக்கும் மோசமான வானிலை, குறிப்பாகக் கடற்கரையில். பொர்ராஸ்கா தொலைக்காட்சிக்காரர்களின் காற்றழுத்தத் தாழ்வு. தெம்பெஸ்தாத் கவிதைக்கு. திடீரென்று கொட்டி நின்றால் சபர்ரோன். இன்னும் கனமானால் அகுவாசேரோ. ஒரு வீச்சுக் காற்று ராஃபகா அல்லது ராச்சா. ஆனால் ராச்சா என்றால் அதிர்ஷ்டத்தின் அலையும்தான், 'நல்ல ராச்சா' சூதாடிகளுக்கு அடிப்பது.

"அப்போ கோத்தா ஃப்ரீயா?" என்று கேட்டேன். குளிர்த்துளி. இலையுதிர்காலத்தில் மத்தியதரைக் கரையில் கொட்டும் பேய்மழைக்கு நான் படித்த பெயர்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சின்ன வயதில் அப்படித்தான் சொல்வோம். வந்தால் பள்ளிக்கு விடுமுறை. இப்போது தானா என்கிறோம். அந்தச் சொல்லை இனி யாரும் சாதாரணமாகச் சொல்ல முடியாது."

மேல் வளிமண்டலத்தில் குளிர்ந்த காற்றுத் திரள் ஒன்று பிரதான ஓட்டத்திலிருந்து அறுந்து தனியே தங்கிவிடுவதற்கு வானிலையாளர்கள் வைத்த நீண்ட பெயரின் முதலெழுத்துகள்தான் தானா. அந்தத் துறையின் முன்னோடி ஃப்ரான்சிஸ்கோ கார்சியா தானாவின் பெயருக்கும் அது மரியாதையாக அமைந்தது. கீழே வெதுவெதுப்பான கடல், மேலே குளிர்ந்த காற்று, எதிரே மலை. 2024 அக்டோபர் 29 அன்று வாலென்சியா மாகாணத்தின் தூரீஸ் ஊரில் ஒரே நாளில் 771 மில்லிமீட்டர் பெய்தது. கீழே புறநகர்களில் பல இடங்களில் தூறல்கூட இல்லை. வறண்டு கிடந்த போயோ ஓடை வழியே மேலே பெய்த மழை வெள்ளமாக வந்தது. கைபேசிகளில் எச்சரிக்கை ஒலித்தபோது இரவு 8.11. அதற்குள் பல தெருக்களில் தண்ணீர் ஆள் உயரம். 220க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆசிரியையின் பள்ளியில் இப்போதும் பலத்த மழை வந்தால் சில பிள்ளைகள் அழுகிறார்களாம்.

வெள்ளி, சரகோசா

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முகத்தில் ஒரு தள்ளு. சியெர்சோ.

இது தரீஃபாவின் காற்றைப் போல மணலோ சூடோ கொண்டதில்லை. வறண்டு, குளிர்ந்து, சுத்தமாக இருக்கிறது. பிஸ்கே விரிகுடாப் பக்கம் அழுத்தம் அதிகம், மத்தியதரைப் பக்கம் குறைவு. இரண்டுக்கும் நடுவே எப்ரோ ஆற்றின் பள்ளத்தாக்கு, வடக்கே பிரனீஸ், தெற்கே இபேரிய மலைத்தொடர். காற்று வடமேற்கிலிருந்து ஆற்றோடு சேர்ந்து இறங்குகிறது. ரோமானியர் காலத்திலேயே இதற்குப் பெயர் இருந்தது. கி.மு. 195இல் இங்கே படையோடு வந்த ரோமானிய ஆட்சித் தலைவர் (கன்சல்) காத்தோ இதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்: பேசினால் வாயை நிரப்பும், ஆயுதம் தரித்த ஆளையும் பாரம் ஏற்றிய வண்டியையும் தள்ளிவிடும் என்று. 2,200 ஆண்டுகளாகப் புகார் மாறவில்லை. கல் பாலத்தின் நடுவில் நின்று பேச முயன்றேன், வாய் நிரம்பியது உண்மை.

ஆனால் ஊர்க்காரர்கள் இதைத் திட்டும் தொனியில் ஒரு சொந்தம் தெரிகிறது. குளிர்காலத்தில் எப்ரோவின் மேல் மூடுபனி நாட்கணக்கில் படுத்துக்கொள்ளும். சியெர்சோ வந்தால்தான் எழுந்து போகும். கோடையில் அது வந்தால் தூக்கம் வரும். எதிர்த்திசையிலிருந்து, தென்கிழக்கிலிருந்து, வரும் போச்சோர்னோதான் இவர்களுக்கு எதிரி. மற்ற ஸ்பெயினில் போச்சோர்னோ என்றால் புழுக்கம். இன்னும் தள்ளிப் போனால் கூச்சம், வெட்கக்கேடு. தொலைக்காட்சியில் யாராவது அசிங்கமாக நடந்துகொண்டால் 'கே போச்சோர்னோ!' என்பார்கள். சரகோசாவில் மட்டும் அது இன்னும் தன் பழைய வேலையில் இருக்கிறது: லத்தீன் வுல்துர்னுஸ், தென்கிழக்குக் காற்று.

பிலார் தேவாலயச் சதுக்கத்தில் ஒரு குடையின் எலும்புக்கூடு குப்பைத்தொட்டியில் குத்தி வைக்கப்பட்டிருந்தது. வெளியூர்க்காரர் யாரோ. உள்ளூர்க்காரர்கள் சியெர்சோவில் குடை பிடிப்பதில்லை.

ஞாயிறு, சான் செபஸ்தியான்

வடக்கே வந்தால் குளிரும் என்று கம்பளிச் சட்டையோடு இறங்கினேன். 27 டிகிரி. அக்டோபரில். வியெந்தோ சூர், தெற்குக் காற்று, மலைகளைத் தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடாகிவிடுகிறது. பாஸ்க் மொழியில் ஹெகோ ஐசெயா. இங்கேயும் அதைப் பற்றிச் சொல்கிறார்கள்: தலைவலி, தூக்கமின்மை, கிறுக்கு. தரீஃபாவில் கிழக்குக் காற்றின் மேல் போட்ட பழி இங்கே தெற்கின் மேல். ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், கத்தலோனியாவில், கிறுக்கானவரை 'த்ரமுந்தானா தொட்டவர்' என்பார்கள், அது வடக்கிலிருந்து வருவது. எந்தத் திசையும் தப்பவில்லை.

நகரின் மேற்குக் கோடியில், ஈகெல்தோ மலையின் காலடியில், எதுவார்தோ சில்யிதா செய்த மூன்று இரும்புச் சிற்பங்கள் பாறைகளில் கொக்கிகளாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. பெய்னே தெல் வியெந்தோ, காற்றின் சீப்பு. 1970களில் நிறுவியது, ஒவ்வொன்றும் சுமார் 10 டன். விரல்களை விரித்து, கடலிலிருந்து வரும் காற்றை வாரி ஊருக்குள் அனுப்புகின்றன. முன்னால் உள்ள கல்தளத்தைக் கட்டடக் கலைஞர் லூயிஸ் பெந்யா கான்செகி அமைத்தார். தளத்தில் துளைகள் உண்டு. அடியில் அலை மோதும்போது காற்றும் நீர்த்துளியும் சீறிக்கொண்டு மேலே வரும். இன்று கடல் அமைதி, துளைகள் லேசாக மூச்சு விட்டன. குழந்தைகள் அதன் மேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

அதே மலையின் மேல் வானிலை ஆய்வகம் ஒன்று உண்டு. 1905இல் தொடங்கியவர் ஒரு பாதிரியார், ஹுவான் மிகுவெல் ஒர்கொலாகா. கடல் புயல்களை முன்கூட்டியே சொல்லி மீனவர்களிடம் பெயர் வாங்கியவர். அவர் பயந்து கவனித்த காற்றுதான் கலெர்னா.

கோடையில் இன்று போல ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்குக் காற்று, வெயில், கடற்கரை முழுக்கக் கூட்டம். மேற்கே அடிவானத்தில் கருப்பாக ஒரு கோடு. சில நிமிடங்களில் காற்று தெற்கிலிருந்து மேற்காகவும் வடமேற்காகவும் புரளும், வெப்பம் 10 டிகிரிக்கு மேல் சரியும், கடல் வெள்ளையாகும். கலெர்னா 'வருகிறது' என்பதில்லை. 'என்த்ரா', உள்ளே நுழைகிறது. கடற்கரையில் இருப்பவருக்குக் குடை பறக்கும். படகில் இருப்பவருக்கு அதோடு முடிந்துவிடாது.

திங்கள், பெர்மேயோ

பில்பாவோவிலிருந்து சின்ன ரயில், ஆற்றுமுகத்தை ஒட்டியே போகிறது. தெற்குக் காற்று இன்னும் விடவில்லை.

துறைமுகப் பலகையில் இன்றைய கடல் அறிவிப்பு. இதைப் படிப்பதற்காகவே வரலாம். ஸ்பானியக் கடலோடிகள் காற்றின் அளவைச் சொல்லும் வரிசையில் நான்காவது பொனான்சீப்லே, சாந்தமானது. ஐந்தாவது ஃப்ரெஸ்கீத்தோ. கடையில் பீர் கேட்டால் இதே சொல்தான், 'ஜில்லென்று ஒன்று'. ஆறாவது ஃப்ரெஸ்கோ, மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர். ஏழாவது ஃப்ரெஸ்கச்சோன், 61 வரை. சிறு படகுகள் கரையிலேயே இருக்க வேண்டிய காற்றுக்குக் கன்னம் சிவந்த பெண்ணைச் செல்லமாக அழைப்பது போல ஒரு பெயர். அதுவரைக்கும் கொஞ்சல். எட்டாவது முதல் தெம்போரால், அப்புறம் பலத்த தெம்போரால், கடின தெம்போரால், மிகக் கடினம், பன்னிரண்டில் கரீபியன் சொல் வந்து சேர்ந்துகொள்கிறது: தெம்போரால் உராகனாதோ, 118 கிலோமீட்டருக்கு மேல்.

கடலுக்குத் தனி வரிசை. மரெஹாதீயா, மரெஹாதா, ஃபுவெர்த்தே மரெஹாதா, க்ருவேசா. அலை 6 மீட்டரைத் தாண்டினால் மார் அர்போலாதா, மரம் நட்டது போன்ற கடல். 9 மீட்டருக்கு மேல் மொந்தான்யோசா, மலைக்கடல். 14க்கு மேல் எனோர்மே. அங்கே உவமை தீர்ந்துபோய் வெறுமே 'பிரம்மாண்டம்' என்று எழுதிவிட்டார்கள்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கலெர்னா பற்றிக் கேட்டேன். பதில் சொல்லாமல் கையால் துறைமுகத்தைச் சுற்றி ஒரு வட்டம் காட்டினார். 1912 ஆகஸ்ட் 12 இரவு. போனீத்தோ மீன் பருவம், படகுகள் கரையிலிருந்து வெகுதூரம் போயிருந்தன, பெரும்பாலும் பாய்மரம். 140க்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பவில்லை. அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஒரே ஊர்க்காரர்கள். அதற்கு முன்னால் 1878 ஏப்ரல் 20, ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை, இந்தக் கரையிலும் கந்தாப்ரியாக் கரையிலும் சேர்த்து முந்நூறுக்கு மேல்.

வானிலையாளர்கள் இந்த இரண்டையும் அசல் கலெர்னா என்று ஒப்புக்கொள்வதில்லை. நல்ல வானிலைக்கு நடுவே கரையோரம் மட்டும் அடித்துவிட்டுப் போவது ஒரு வகை. பெரிய தாழ்வழுத்தத்தோடு வந்து கடலையே புரட்டுவது வேறு வகை. அந்தப் பிரிவினை தேவைதான், முன்னறிவிப்புக்கு. ஆனால் பெர்மேயோவில் யாரிடமும் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மீனவர் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் இருந்தேன், பிறகு பேருந்து.

செவ்வாய், சாந்தாந்தேர்

இந்த ஊரில் தெற்குக் காற்று வலுத்தால் அதன் பெயர் சுராதா. தேநீர்க் கடையில் கேட்டவுடன் கடைக்காரர் சொன்னது ஓர் ஆண்டு: நாற்பத்தொன்று.

1941 பிப்ரவரி 15. தெற்கிலிருந்து பெரும் புயல். காதிஸ் என்ற தெருவில் தீப்பிடித்தது. பழைய ஊர், குறுகிய சந்துகள், மர வீடுகள், பின்னாலிருந்து ஊதும் சுராதா. கூரையிலிருந்து கூரைக்குத் தீப்பொறி பறந்தது. பேராலயம் எரிந்தது, பழைய நகரத்தின் நடுப்பகுதி அநேகமாக முழுவதும் போனது. சுமார் பத்தாயிரம் பேருக்கு வீடில்லை. இறந்தவர் ஒரே ஒருவர், மாத்ரிதிலிருந்து உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர். பகலும் இரவுமாக மக்கள் எரிகிற ஊரிலிருந்து நகர்ந்துகொண்டே இருந்ததால் அப்படித் தப்பினார்கள் என்கிறார்கள். இன்று நகர நடுவில் நடந்தால் தெருக்கள் நேராக, அகலமாக, ஒரே மாதிரி இருப்பதன் காரணம் அதுதான். அழகு என்று சொல்ல மாட்டேன்.

2017 டிசம்பரில் பெரிய பொர்ராஸ்காக்களுக்கு ஸ்பெயின், பிரான்ஸ், போர்ச்சுகல் மூன்றும் சேர்ந்து பெயர் வைக்கத் தொடங்கின. முதலாவது ஆனா. 2020 ஜனவரியில் க்ளோரியா மத்தியதரைக் கரையைப் பிய்த்தது, 2021 ஜனவரியில் ஃபிலோமேனா மாத்ரிதைப் பனியில் புதைத்தது. கடைக்காரருக்கு இந்த ஏற்பாட்டில் விருப்பமில்லை. "பாட்டி பெயரெல்லாம் வைக்கிறார்கள்" என்றார். அவர் பாட்டி பெயர் ஃபிலோமேனாவாம்.

புதன், பில்பாவோ விமான நிலையம்

சுராதா இன்னும் ஓயவில்லை, மஞ்சள் எச்சரிக்கை. பில்பாவோவில் தெற்குக் காற்றோடு இறங்குவது விமானிகள் மத்தியில் பெயர்போனது. காற்று மலைகளைத் தாண்டி ஓடுபாதையின் மேல் குலைந்து விழுகிறது. நாங்கள் ஏறவேண்டிய விமானம் ஒரு தடவை கீழே வந்து, சக்கரம் படாமலே மேலே ஏறிப்போனது. காத்திருந்தவர்களில் பாதிப்பேர் ஜன்னல் பக்கம் கூடிவிட்டார்கள். துப்புரவுப் பணியாளர் தரை துடைப்பதை நிறுத்தவேயில்லை.

"சூர்" என்றார், எங்களைப் பார்த்து.

இரண்டாவது முறை இறங்கிவிட்டது. கைதட்டினார்கள். அறிவிப்புப் பலகையில் ஐம்பது நிமிடத் தாமதம் என்று போட்டிருக்கிறது. மாலைக்குள் காற்று வடமேற்குக்கு ரோலா ஆகி, ஃப்ரெஸ்கீத்தோவாக அமைனா ஆகுமாம், சபர்ரோன் உண்டு.